உப்புச் சக்கரைப் படம்

கோவை
6-9-98

அன்புள்ள அக்காவுக்கு,

லோகு எழுதுகிறேன். நான் சுகம். ஹாஸ்டல் சாம்பாருக்குத்தான் சுகமில்லை. அங்கே நீ, மச்சான், அத்தை எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? பாப்பாவுக்குச் சளி விட்டுதா? போன் பண்ணலாம் என்றால் உங்கள் வீட்டுப் போன் அத்தை நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எழுதிவிடுவதே மேல்.

இரண்டாம் வருஷம் எங்களுக்குப் போட்டோகிராபி பாடம். யூனுஸ் சார் எடுக்கிறார். முதல் வேலை ஸ்டில் லைஃப். ஆள் கிடையாது, வெறும் பொருள்களை அடுக்கி வைத்து எடுக்க வேண்டும். நான் தக்காளி, டம்ளர், ஒரு சீப்பு வைத்து எடுத்துப் போனேன். சார் பார்த்துவிட்டு, "இந்தச் சீப்பு இங்க ஏன் இருக்கு?" என்றார். "சும்மா வச்சேன் சார்" என்றேன். "சும்மா எதுவும் எங்கயும் வந்து உக்காராதும்மா. யாரோ வச்சாத்தான் இருக்கும். யார் வச்சா, எதுக்கு வச்சா, அதைச் சொல்லத் தெரியணும்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

போன வாரம் மெட்ராஸுக்கு ஓவியக் கேலரி பார்க்கக் கூட்டிப்போனார்கள். பெரிய வெள்ளை ஹால். பேசினால் எதிரொலிக்கிறது என்று ஒருவரும் பேசுவதில்லை. படத்தைவிட அதன் கீழே ஒட்டிய விலைச் சீட்டைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். நான் ஒரே படத்தின் முன்னால் நின்றுவிட்டேன். ஒரு மேசை, பாதி உரித்த ஆரஞ்சு, பக்கத்தில் கத்தி, அவ்வளவுதான். நிற்க நிற்க எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உரித்தவர் ஏன் பாதியில் எழுந்து போனார்? யார் கூப்பிட்டார்கள்? போலீஸ்காரி மாதிரி அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், மனசுக்குள்.

மூன்றாம் வருஷம் முழுக்கப் போட்டோகிராபியே எடுத்துக்கொள்ளலாம் என்று சார் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும் அக்கா, வேறு ஒன்றும் வேண்டாம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் தங்கை
லோகப்பிரியா

*

சென்னிமலை
17-9-98

அன்புத் தங்கச்சி லோகுக் கண்ணுக்கு,

அக்கா பூங்கொடியின் ஆசிகள். மலை மேல் முருகன் புண்ணியத்தில் எல்லாரும் சௌக்கியம். பாப்பாவுக்குச் சளி விட்டது, இப்போது வாய் ஓயவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஆரஞ்சு, கத்தி எல்லாம் இருக்கட்டும். உன்னை யாராவது ஒரு படம் எடுத்தால் எனக்கு அனுப்பு. சேலை கட்டி, முழு உருவமாக. சும்மா பார்க்கத்தான். பரீட்சை ஏப்ரலில் முடியுமா, மே ஆகுமா? தேதி தெரிந்தால் எழுது. கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலையாதே, கறுத்துப்போவாய்.

நான் ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போனதுதான். அப்புறம் அம்மா முகத்தையே பார்க்கவில்லை. இங்கே தறி வேலை, சமையல், பாப்பா என்று பொழுது போகிறது. கொழுந்தன் அருண்குமார் புது மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறான். நூல் வியாபாரம் முழுக்க இப்போது அவன் கையில்தான். யாரிடமும் அதிர்ந்து பேசமாட்டான், உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கோவை
5-10-98

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன். அருண்குமார் அதிர்ந்து பேசாததை எனக்கு எதற்கு எழுதினாய் என்று புரியவில்லை. பேசினால்கூட எனக்குக் கேட்காதே, நடுவில் எத்தனை ஊர்!

ஆயுத பூசைக்குச் சத்தியமங்கலத்தில் நம் வீட்டுக்குப் போய்விட்டு நேற்றுத்தான் வந்தேன். காந்திபுரத்தில் இறங்கும்வரை பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தேன். ஆனால் ஒரு நல்ல படம் கிடைத்துவிட்டது. சாமி அறைப் பலகையில், மடித்த பெட்ஷீட் மேல் இரண்டு ஓலைப்பெட்டிகள். ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் நாட்டுச் சக்கரை. மேற்கு ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒன்று வெள்ளை வெளேர், ஒன்று கருகரு. கறுப்பு வெள்ளை பிலிமுக்கு இதைவிட என்ன வேண்டும்? கிட்டப் போனதும் அம்மா ஓடி வந்தாள்.

"தொடாதே அம்மணி!"

"ஏம்மா, பாம்பா இருக்குது?"

"உப்புச் சக்கரைடி. நம்ம மிதுனுக்குப் பேசி முடிச்சிருக்குது."

பெரியப்பா மகன் மிதுனுக்கா! அவனுக்கு யார் பெண் கொடுத்தார்கள்? கல்யாணம் பேசி முடிந்தால் இரண்டு வீட்டாரும் உப்பும் சக்கரையும் மாற்றிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும், கண்ணால் பார்த்தது இப்போதுதான். உனக்கு மாற்றியபோது நான் பள்ளிக்கூடத்தில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். தொடாமலே எடுத்துக்கொள்கிறேன் என்று அம்மாவைச் சமாதானப்படுத்தி எடுத்தேன். உப்பை மட்டும் பார்த்து வெளிச்சம் அளந்தால் படத்தில் உப்பு சாம்பலாகிவிடும் என்று சார் சொல்லியிருந்தார். அதனால் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஆனால் வீடு வீடாக இல்லை. அம்மா என் பழைய ஜாக்கெட்டை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இந்தத் தடவை ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. கிளம்பும்போது, "ஏங்கண்ணு, இந்த வருசத்தோட நின்னுக்கிட்டாலும் ஏதாச்சும் சர்டிபிகேட் தருவாங்களா?" என்று கேட்டார். என் படிப்பைப் பற்றி அப்பா கேட்ட முதல் கேள்வியே இதுதான். உனக்கு ஏதாவது தெரியுமா?

லோகு

*

சென்னிமலை
23-10-98

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கு யாவரும் நலம். தீபாவளி நன்றாக நடந்தது.

அப்பா சும்மா கேட்டிருப்பார். எல்லாவற்றுக்கும் கண் காது வைக்காதே. உப்புச் சக்கரையை எல்லாம் போய் யாராவது படம் எடுப்பார்களா? நல்ல காரியத்துக்கு வைத்தது, கண் படும். அந்தப் படத்தை யாருக்கும் காட்டாதே, கிழித்துப் போட்டுவிடு. மிதுன் விஷயமாகப் பெரியம்மாவுக்கு எழுதிவிடாதே, இன்னும் வெளியே சொல்லவில்லை.

உனக்குத் தீபாவளிக்கு ஒரு பெட்ஷீட் அனுப்பியிருக்கிறேன். புது மயில் டிசைன். டிசைன் அட்டையைத் தறியில் தப்பாக மாட்டிவிட்டார்கள். ஓரத்தில் எல்லா மயிலும் ஒரு பக்கம் பார்க்க, ஒன்று மட்டும் திரும்பி நிற்கிறது. உடனே நிறுத்திச் சரிசெய்துவிட்டார்கள். அப்படி வந்தது இரண்டே உருப்படி. விற்க முடியாது. ஒன்றில் பாப்பா படுக்கிறாள், ஒன்று உனக்கு. திரும்பி நிற்கிற மயிலைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது.

சேலை கட்டின படம் கேட்டேனே, மறந்துவிட்டாயா?

அக்கா

*

கோவை
1-11-98

அன்புள்ள அக்காவுக்கு,

பெட்ஷீட் வந்தது. மிகவும் நன்றி. எல்லாரும் நலமா? நான் நலம்தான், ஆனால் நிம்மதியாக இல்லை.

நேற்று டார்க் ரூமில் அந்த உப்புச் சக்கரைப் படத்தைப் பெரிதாகப் போட்டேன். மருந்துத் தண்ணீரில் பேப்பர் கிடக்கும்போது முதலில் கறுப்பான இடங்கள்தான் தெரியவரும். சக்கரை வந்தது. பெட்டி வந்தது. அப்புறம் பெட்டிக்குக் கீழே மடித்து வைத்திருந்த பெட்ஷீட்டின் ஓரம். மயில், மயில், மயில். பிறகு திரும்பி நிற்கிற ஒரு மயில்.

ரூமுக்கு ஓடிவந்து நீ அனுப்பியதை விரித்துப் பார்த்தேன். அதேதான்.

இரண்டே உருப்படி என்று எழுதினாய். ஒன்றில் பாப்பா படுக்கிறாள் என்றாய். அப்படியானால் ஆயுத பூசையன்று சாமி அறைப் பலகையில் இருந்தது எது? ஆடிக்கு அப்புறம் நம் வீட்டுக்கே போகவில்லை என்றும் எழுதினாய். மயில் தானாகப் பறந்து போயிற்றா?

இன்னொன்று. படத்தை எல்லாரும் பார்த்தார்கள். யூனுஸ் சார், "நீ அடுக்கினதா?" என்று கேட்டார். "இல்லை சார், அப்படியே இருந்தது" என்றேன். "அப்ப வேற யாரோ அடுக்கியிருக்காங்க. நீ அடுக்கியிருந்தா இவ்வளவு கச்சிதமா வந்திருக்காது" என்றார். டிசம்பரில் அவினாசி ரோட்டில் ஒரு ஹாலில் எங்கள் கண்காட்சி. அதற்கு இந்தப் படத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

கிழிக்க மாட்டேன்.

லோகு

*

சென்னிமலை
22-11-98

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பாப்பாவுக்குக் காய்ச்சல்.

நீ ஒரு பெட்ஷீட்டுக்கு இவ்வளவு எழுதுவாய் என்று நினைக்கவில்லை. மச்சான் வசூலுக்குச் சத்தி போனபோது அம்மாவிடம் கொடுத்திருப்பார். இந்த வீட்டில் எல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கிறதா? கண்காட்சியில் வேறு ஏதாவது படம் வை. தக்காளியை வை. அக்கா சொல்வதைக் கேள் கண்ணு, பெரியவர்கள் எது செய்தாலும் உன் நன்மைக்குத்தான்.

கோவையில் பனி அதிகமாம். காதில் துணி கட்டிக்கொள்.

அக்கா

*

கோவை
10-12-98

அக்காவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா? அதை மட்டும் முதலில் எழுது.

கண்காட்சி முடிந்தது. தக்காளியை வைக்கவில்லை. மெட்ராஸ் கேலரி மாதிரி இங்கேயும் பாதிப் பேர் படத்தைப் பார்க்காமல் பெயரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, எங்கள் ஹாஸ்டல் வார்டன் தெய்வாத்தாள் அம்மா வந்தார்கள். நம் பக்கத்து ஆள்தான், ஊர் கோபி. என் படத்துக்கு முன்னால் நின்றவர்கள் நகரவில்லை.

"யாரூட்டு உப்புச் சக்கரை கண்ணு இது?"

"எங்க பெரியப்பா பையனுதுங்கம்மா."

"எங்க எடுத்தே?"

"எங்கூட்டுலதானுங்க. சாமி ரூம்ல."

வார்டன் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்கள். "உங்க பெரியப்பன் பையனுதுன்னா அவிய ஊட்டுலயல்ல இருக்கோணும்? கல்யாணம் எந்த ஊட்டுலயோ அந்த ஊட்டுச் சாமிகிட்டத்தான வெப்பாங்க. உங்கூட்டுல கல்யாணத்துக்கு இருக்கறது யாரு?"

நம் வீட்டில் நீ போன பிறகு நான் ஒருத்திதான்.

"அதுதானா சங்கதி! பரீட்சை முடிஞ்சதீம் ரூமைக் காலி பண்ணிப்போடறோம்னு உங்கப்பன் ஐப்பசியிலயே போன் போட்டுச் சொன்னாரு. நான் வேற காலேசுக்கு மாத்தறாங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்" என்றார்கள். போகும்போது என் தலையைத் தடவிவிட்டு, "நல்லா இரு அம்மணி" என்றார்கள்.

அந்த இடத்தில் நின்று என் படத்தையே பார்த்தேன் அக்கா. எல்லாரும் அதை நல்ல படம் என்று சொன்னார்கள். என்னை எடுத்து யாரோ அந்தப் பலகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதை நானே வெளிச்சம் அளந்து, கண்ணாடி போட்டு, ஊருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறேன்.

மாப்பிள்ளை யார்? அம்மாவிடம் கேட்டால் அழுவாள். அப்பாவிடம் கேட்டால் முடிந்துவிடும். உன்னைத்தான் கேட்கிறேன். எனக்கு இந்த உலகத்தில் நம்பிக் கேட்க நீ ஒருத்திதான் இருக்கிறாய்.

லோகு

*

கோவை
29-12-98

அக்காவுக்கு,

பதில் இல்லை. பாப்பா எப்படி இருக்கிறாள் என்றுகூட இல்லை.

பொறுக்க முடியாமல் இன்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினேன். அத்தை எடுத்தார்கள். வழக்கமாக, "பூங்கொடி தங்கச்சியா?" என்பார்கள். இன்று, "ஏனுங்க மருமகளே, பரீட்சையெல்லாம் எப்பத்தான் முடியுது?" என்றார்கள்.

போனை வைத்துவிட்டேன்.

அருண்குமார் அதிர்ந்து பேசமாட்டான் என்று எனக்கு எதற்கு எழுதினாய் என்று இப்போது புரிந்துவிட்டது.

லோகப்பிரியா

*

சென்னிமலை
8-1-99

லோகு,

பாப்பா சுகம். மற்றதெல்லாம் இருக்கட்டும்.

ஆமாம். பெட்ஷீட்டை நான்தான் கொண்டுபோனேன், பாப்பா படுக்கிறாள் என்று எழுதினது பொய். கேலரி பார்த்ததைப் பற்றி நீ எழுதின கடிதம் வந்த அன்றுதான் எல்லாரும் சத்திக்குக் கிளம்பினோம். அதைப் பஸ்ஸிலே படித்தேன். மூன்றாம் வருஷம்தான் உனக்கு வேண்டும் என்று எழுதியிருந்தாய். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போய் உப்புச் சக்கரை மாற்றிவிட்டு வந்தேன். பலகையில் பெட்ஷீட்டை மடித்துப் போட்டு, பெட்டிகளை வைத்து, திருப்பி அழகு பார்த்ததும் நானேதான். வைகாசியில் கல்யாணம். இப்போதே சொன்னால் படிப்பு கெடும், பரீட்சை முடியட்டும் என்றார் அப்பா.

அருண்குமார் நல்லவன். அது பொய்யில்லை. உனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் அவனிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் நான் இதற்குத் தலையாட்டியது அவன் நல்லவன் என்பதற்காக இல்லை.

இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது லோகு. சோறு, துணி, நகை ஒன்றுக்கும் குறைவில்லை. பேசத்தான் ஆள் இல்லை. உன் மச்சான் பகலெல்லாம் தறிச் சத்தத்தில் கத்திவிட்டு வந்து வீட்டில் வாய் திறப்பதில்லை. அத்தையிடம் பேசினால் அது இன்னொரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும். சில நாள் பாப்பா தூங்கினபிறகு சமையலறையில் டம்ளரிடம் பேசுகிறேன். சிரிக்காதே. அருண்குமாருக்கு வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் நான் இன்னும் ஓரமாகிவிடுவேன். அத்தைதான் உன் பேரை எடுத்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாகிவிட்டது. நீ வந்துவிடுவாய், அடுப்பங்கரையில் நானும் நீயும் பேசிக்கொண்டே இருக்கலாம், அவ்வளவுதான் என் மனசில் இருந்தது.

உன்னைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை, அதனாலோ என்னவோ.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

பூங்கொடி

*

கோவை
17-1-99

அக்கா,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுதுவிட்டாள், சம்மதித்துவிடுவாள் என்று நினைத்துவிடாதே.

பேச ஆள் இல்லை என்றாயே, நான் எழுதிக்கொண்டேதானே இருந்தேன்? டம்ளரிடம் பேசினதை எனக்கு எழுதியிருக்கலாமே? நீ எழுதியதெல்லாம் கறுத்துப்போவாய், காதில் துணி கட்டு. நான் ஆரஞ்சையும் கத்தியையும் சந்தேகப்பட்டேன், மயிலைச் சந்தேகப்பட்டேன். சந்தோஷமாக இருக்கிறாய் என்று நீ எழுதியதை ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதுதான் என் முட்டாள்தனம்.

என்னை அங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? டம்ளரிடம் பேசுகிறவர்கள் இரண்டு பேர் ஆவோம்.

அடுத்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவிடம் முடியாது என்று சொல்லப்போகிறேன். அவர் என்ன சொல்வார் என்றும் தெரியும். "உங்கக்காளும் இப்படித்தான் படிக்கறேன்னா. கட்டிக் குடுத்தோம். இப்ப சந்தோசமா இல்லியா?" என்பார். எனக்கு அதற்குப் பதில் கிடையாது. பதில் உன்னிடம்தான் இருக்கிறது.

யார் வைத்தாள், எதற்கு வைத்தாள் என்று தெரிந்துவிட்டது. வைத்தவளே எடுக்கட்டும்.

லோகு

*

சத்தியமங்கலம்
21-2-99

என் தங்கம் லோகுவுக்கு,

அக்காவும் பாப்பாவும் சுகம். மேலே அனுப்புநர் ஊரைப் பார்த்திருப்பாய். தை கடைசியிலிருந்து நான் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. எழுதுவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். ஒருநாள் காலையில் அத்தையிடம், "என்ற தங்கச்சியைக் கேக்காமச் செஞ்சுபோட்டோம். இது வேண்டாமுங்க" என்றேன். அத்தை போட்ட சத்தத்தில் தறிக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். உன் மச்சான் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அருண்குமார்தான் பஸ் ஸ்டாண்டு வரை பையைத் தூக்கி வந்தான். "அந்தப் புள்ளைக்குத் தெரியாதுன்னு எனக்குச் சொல்லவே இல்லீங்களே அண்ணி" என்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இங்கே அப்பா என்னைப் பார்த்ததும், "வந்துட்டாளா! நீயே சொல்லு பூங்கொடி. உன்ற தங்கச்சி வந்து எகிறிக் குதிச்சுட்டுப் போறா. நீ அங்க சந்தோசமாத்தான இருக்கறே?" என்றார். அப்படியே நீ எழுதின வார்த்தை.

"இல்லீங்கப்பா" என்றேன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, "ஏன் இத்தன நாளாச் சொல்லலை?" என்றார். "நீங்க கேக்கலீங்களேப்பா" என்றேன்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. சாமி அறைக்குள் போனேன். பெட்டி இரண்டும் நான் வைத்த மாதிரியே இருந்தன. சக்கரையை எடுத்து எல்லாருக்கும் காபி போட்டேன். உப்பை அள்ளி மத்தியான ரசத்தில் போட்டேன். மீதியை அம்மாவின் உப்பு ஜாடியில் கொட்டினேன். "அடிப்பாவி, சாமிகிட்ட வெச்சதுடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா முன்னால் டம்ளரை வைத்தேன். என்ன சக்கரை என்று அவருக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போகும் என்று நினைத்தேன். எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னுஞ் சித்தெ சக்கரை போடு கண்ணு" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது லோகு. உள்ளே ஓடிப்போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன்.

ரூமைக் காலி பண்ணவில்லை என்று உன் வார்டனுக்கு நேற்று அப்பா போன் போட்டார். உன்னிடம் அவராகச் சொல்லமாட்டார், நீயும் கேட்காதே.

இன்று காலை உன் மச்சான் வந்திருக்கிறார். வெளியே பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். "வா, போலாம்" என்றார். "வாரேன். ஆனா இனி ஊட்டுக்கு வந்தா எங்கூட நாலு வார்த்தை பேசோணும்" என்றேன். "என்ன பேசறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொழுதோட கிளம்புகிறோம். அத்தை பேசப்போவதில்லை. இனி நான் எழுதுவதெல்லாம் உள்ளதாகவே இருக்கும், உனக்குப் படிக்கத்தான் கஷ்டமாக இருக்கும்.

எனக்கு ஒன்று வேண்டும். அந்த உப்புச் சக்கரைப் படத்தில் ஒன்று பெரிதாகப் போட்டு, கண்ணாடி மாட்டிக் கொடு. எங்கள் வீட்டு ஹாலில், அத்தை நாற்காலிக்குப் பக்கத்தில், போனுக்கு மேலே ஆணி அடித்து மாட்டப்போகிறேன்.

உன் அக்கா
பூங்கொடி